காஜா பெராங் மில்லின் காத்து இஞ்சின்

இரண்டு இஞ்சின் படங்களையும் மல்லி மூட்டையின் மேல் விரித்து வைத்துவிட்டு, காதர் மைதீன் கேட்டார்.

"நீ சொல்லு தம்பிராஜா. காத்தா, தண்ணியா?"

தம்பிராஜா மில்லின் இஞ்சினை ஓட்டுகிறவர். கேட்டது தன்னைத்தானா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் அவர் மனைவி ருக்மணி மிச்சமிருந்த மிளகாய்த்தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

மில்லின் பழைய இஞ்சின் செத்து நான்கு நாள் ஆகியிருந்தது. மலாக்காவின் காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கும் சந்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகைதான் மில். இஞ்சின் ஒரு கோடியில், அரைக்கும் மெஷின்கள் இரண்டு மறு கோடியில், நடுவில் பெல்ட். சுற்றுவட்டாரத்துத் தமிழ் வீடுகளின் அரிசியும் மல்லியும் மிளகாயும் அங்கேதான் மாவாகும், தூளாகும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்துவரும் செட்டிமாரின் கிராமமான செட்டிக் கம்பத்துப் பெண்களும் வருவார்கள். மலாயிலேயே பேசிவிட்டு, அரைக்க வந்த சாமான்களின் பேரை மட்டும் அங்கங்கே தமிழில் சொல்வார்கள். மோட்டார் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்குக் காதர் மைதீனிடம் ஒரே பதில்தான்: அந்தச் சந்துக்கு வந்த மின்சாரக் கம்பி விளக்குக்குத்தான் காணும், மெஷினுக்குக் காணாது.

தம்பிராஜாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுகிறவரின் மகன். தமிழ்ப் பள்ளியில் நாலாவதோடு சரி. பன்னிரண்டு வயதில் தோட்டத்துப் பால் கொட்டகையின் இஞ்சின் அறைக்குள் எண்ணெய் துடைக்கப் போனவர், அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் டீசல் கிடைக்காதபோது தேங்காய் எண்ணெயை வடிகட்டி ஊற்றி அதே இஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஆனால் தோட்டத்தில் இருந்த இருபது வருஷத்தில் ஒருவரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. 'முடுக்கு' என்பார்கள், முடுக்குவார். 'நிறுத்து' என்பார்கள், நிறுத்துவார். ஒருமுறை பம்பில் என்ன கோளாறு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. டவுனிலிருந்து மெக்கானிக் வரும்வரை இரண்டு நாள் எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தவன் அவர் நினைத்த இடத்தையே திறந்தான். அப்போதும் அவர் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது ஒரு முதலாளி இரண்டு படங்களை விரித்து வைத்து, 'நீ சொல்லு' என்கிறார்.

"மூணு நாள் டைம் குடுங்க பாய்" என்றார் தம்பிராஜா.

"மூணு நாளா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிறியா?"

"பொண்ணுன்னா ஒரு நாள் போதும்" என்றாள் ருக்மணி, சல்லடையிலிருந்து தலையைத் தூக்காமலே. "என்னை ஒரு நாள்லதான் பாத்தாரு. அதுக்கப்புறம்தான் இவரு நிதானமா யோசிக்க ஆரம்பிச்சாரு."

காதர் மைதீன் சிரித்துக்கொண்டே மூன்று நாள் கொடுத்தார்.

*

தண்ணி இஞ்சின் தம்பிராஜாவுக்குத் தெரிந்த உயிர். சிலிண்டரைச் சுற்றி ஒரு தண்ணீர்ச் சட்டை. பக்கத்தில் ஓர் உயரமான இரும்புத் தொட்டி. சூடேறிய தண்ணீர் மேலே ஏறித் தொட்டிக்குப் போகும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கி இஞ்சினுக்கு வரும். தொட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்தால் போதும், இஞ்சின் சுகமாக இருக்கிறதா, காய்ச்சலா என்று தெரிந்துவிடும். அவருடைய வலது உள்ளங்கை முப்பது வருஷமாக அந்த வேலையைத்தான் செய்துவந்தது.

காத்து இஞ்சினுக்குத் தண்ணீரே கிடையாது. சிலிண்டரின் மேல் மீன் செதில் மாதிரி வரிவரியாக இரும்புத் தகடுகள் இருக்கும். சக்கரத்திலேயே ஒரு விசிறி. அது முன்பக்கத்துக் கம்பி வலை வழியாகக் காற்றை உறிஞ்சி, செதில்களுக்கு இடையே செலுத்தி, பின்னால் கொதிகாற்றாகத் தள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

இரண்டையும் விற்கிற ராஜரத்தினம் ஒரு கம்பெனியின் ஏஜெண்டு. யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார்.

"இரண்டும் நல்ல சாமான்தான். நான் ஒண்டையும் குறைச்சுச் சொல்ல மாட்டன். ஆனா தண்ணி இஞ்சினை எல்லாருக்கும் தெரியும். காத்து இஞ்சின் கொஞ்சம் ரோசக்காரன். மூச்சை அடைச்சீங்களெண்டா நிண்டுடுவான்" என்று அவர் முதல் நாளே சொன்னார்.

சுப்பையனுக்கு இதில் இரண்டாவது பேச்சே இல்லை. சைக்கிளில் பானை கட்டி, விடியற்காலையில் காஜா பெராங்கிலிருந்து புக்கிட் பாரு வரை இடியாப்பம் விற்கிறவர் அவர். மில் நின்றதிலிருந்து உரலில் இடித்து இடித்து அவர் தோள்பட்டை வீங்கியிருந்தது.

"அண்ணே, சூடு ஏறுனா மனுசன் என்ன செய்வான்? குளிப்பான். யாராவது நெருப்புப் பத்துன வீட்டை விசிறியால வீசி அணைச்சிருக்கானா? தண்ணியைச் சொல்லுங்க, ஜோலி முடிஞ்சுது."

"நீ இடியாப்பத்தை எப்படிடா ஆற வைக்கிறே?" என்றார் தம்பிராஜா.

"தட்டுல பரத்தி... காத்துலதான்."

"தண்ணியில போடேன்."

"போட்டா கூழாப் போயிரும், போங்கண்ணே."

விளையாட்டாகச் சொன்ன பதில்தான். ஆனால் தம்பிராஜாவுக்கு அன்று முழுக்க அதே யோசனையாக இருந்தது. பழைய இஞ்சின் எதனால் செத்தது? தொட்டியில் தண்ணீர் இருந்தது, அவர் கையும் தொட்டியில்தான் இருந்தது. தொட்டி வழக்கத்தைவிடக் குளிர்ந்தே இருந்தது. இஞ்சின் சுகமாக இருப்பதாக அவர் நினைத்தார். உள்ளேயோ தண்ணீர் நடமாட்டம் நின்றுபோய், சிலிண்டர் தனியாக வெந்துகொண்டிருந்தது. விரிசல் விட்ட பிறகு பிரித்துப் பார்த்தால், தண்ணீர்ச் சட்டைக்குள் விரல் கனத்துக்கு வெள்ளைப் பாறை.

கிணறுதான் காரணம். மில்லின் கிணறு மழைக்காலத்தில் இனிக்கும். மாசி, பங்குனி வெயிலில் இறங்கினால் கடல் வாடை வரும். குழாய்த் தண்ணீர் வீட்டுக்கே வரிசையில் நின்று பிடிப்பது. நாள் முழுக்க இஞ்சினுக்கு ஊற்றக் கட்டுபடியாகாது. அன்று சாயங்காலம் அவர் ஒரு வாளிக் கிணற்றுத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய், ருக்மணியின் அலுமினியச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். வற்ற வற்ற மேலே ஊற்றினார். கடைசியில் சட்டியின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு படலம் நின்றது.

"இதை நான் எதால தேய்க்கிறது?" என்றாள் ருக்மணி.

"அதான் எனக்கும் புரியல. சட்டிக்குள்ள கையை விட்டுத் தேய்ச்சிடலாம். இஞ்சினுக்குள்ள எப்படித் தேய்க்கிறது?"

மறுநாள் சைக்கிளில் புக்கிட் பாரு போனார். அங்கே ஒரு சீனக் காண்டிராக்டர் மண் வேலைக்குத் தண்ணீர் இறைக்கக் காத்து இஞ்சின் ஒன்று வைத்திருந்தார். அதன் பக்கத்தில் ஒரு மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, காலை முதல் மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் அதிகம்தான், தகரத்தைத் தட்டுகிற மாதிரி. உள்ளங்கையை எங்கே வைப்பது என்றுதான் முதலில் தெரியவில்லை. பிறகு பின்பக்கம் வெளியேறும் காற்றில் கையை நீட்டினார். கொதித்தது. ஆனால் மணிக்கணக்கில் ஒரே மாதிரி கொதித்தது. அதுதான் அதன் நாடி என்று பிடிபட்டது.

திரும்பி வரும் வழியில் அவருக்குக் கணக்குத் தெளிந்தது. இஞ்சினுடைய சூடு எப்படியும் கடைசியில் காற்றுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். தண்ணி இஞ்சினிலும் தொட்டியை ஆற வைப்பது காற்றுதானே? தண்ணீர் நடுவில் சுமந்துபோகிற கூலியாள். நல்ல கூலியாள்தான், நிறையச் சுமப்பான், சத்தமில்லாமல் சுமப்பான். ஆனால் இந்தக் கிணற்றில் கிடைக்கிற கூலியாள் வருஷத்தில் இரண்டு மாதம் திருடன். அவன் என்ன திருடினான் என்பது இஞ்சின் பிளந்த பிறகுதான் தெரியும். காற்றிலும் எதிரி உண்டு: மிளகாய்த் தூசி. அது செதில்களில் எண்ணெயோடு ஒட்டினால் போர்வை போர்த்தினதுபோல் ஆகும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். துடைக்கலாம். நடுவில் ஒரு சுவர் வைத்துத் தடுக்கலாம்.

மூன்றாம் நாள் காதர் மைதீனிடம் சொன்னார்.

"காத்து, பாய்."

காதர் மைதீன் முகம் மாறியது. அவர் தண்ணி இஞ்சினை எதிர்பார்த்திருந்தார் என்பது தெரிந்தது. "நீ முப்பது வருசமாத் தண்ணி இஞ்சின் ஓட்டுனவன். நீயா சொல்றே?"

"ஓட்டுனதாலதான் சொல்றேன். இஞ்சின் ரூமுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு சுவர், பெல்ட் போக மட்டும் ஒரு சந்து. பின்னால சூட்டுக் காத்து போறதுக்குத் தகரக் குழாய். வாரம் ஒருதரம் நான் செதிலைச் சுத்தம் பண்ணிடறேன். ஏதாவது ஒண்ணு ஆனா என்னைக் கேளுங்க."

"சரி. உன் வார்த்தை" என்றார் காதர் மைதீன்.

*

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறின வாரத்துக்கு அடுத்த வாரம் இஞ்சின் வந்து இறங்கியது. பச்சை வண்ணம், பளபளப்பு, முன்னால் வட்டமான கம்பி வலை. லாரியிலிருந்து இறக்கியதைப் பார்க்கச் சந்தே கூடியது. சுவர் எழும்பியது, தகரக் குழாய் கூரைக்கு வெளியே நீண்டது. முதல் நாள் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் குழந்தை அழுதது, இரண்டாம் நாள் அந்தச் சத்தத்திலேயே தூங்கியது.

செப்டம்பர் முழுக்க ஒரு குறையும் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை போனதால் தம்பிராஜாவுக்குக் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். சுப்பையன்கூட இடியாப்ப மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, "காத்து மாவு கொஞ்சம் நைசாத்தான் இருக்கு" என்று இறங்கி வந்தார். செங் பக்கத்தில் அரிசி மில் வைத்திருக்கிற இன்னொருவர் இதே இஞ்சினைப் பற்றி விசாரிக்க வந்தார். காதர் மைதீன் அவரைத் தம்பிராஜாவிடம் அனுப்பினார். "இஞ்சின் விசயம் அவர்கிட்ட கேளுங்க" என்றார். அன்று ராத்திரி தம்பிராஜா சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை ருக்மணி கவனித்தாள்.

ஆயுத பூசை வந்தது. மில் காதர் மைதீனுடையது என்றாலும் அந்த ஒரு நாள் வேலைக்காரர்களுடையது என்று அவர் முதல் வருஷத்திலிருந்தே விட்டிருந்தார். பூசையில் நிற்க மாட்டார். ஆனால் ஒரு சீப்பு ராஸ்தாளிப் பழம் அவர் வீட்டிலிருந்து வந்துவிடும்.

தம்பிராஜா அதிகாலையிலேயே இஞ்சினின் தகர மூடியைக் கழற்றி, ஒவ்வொரு செதிலாகத் துடைத்தார். பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, இடுக்குகளில் விட்டு இழுத்து, ஒரு துளி தூசி இல்லாமல் எடுத்தார். மூடியைத் திரும்ப மாட்டினார். ருக்மணி அரைத்த சந்தனத்தை மூடியில் மூன்று பட்டையாக இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். பிறகு மாலை. பெண்டஹாரா ரோட்டிலிருந்து வாங்கிவந்த கனத்த செவ்வந்தி மாலை, நடுவில் ரோஜாக் கொத்து. பழைய இஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டியின் கழுத்தில் போடுவார். இதற்குத் தொட்டி இல்லை. எங்கே போடுவது என்று ஒரு நிமிஷம் பார்த்தார். முன்னால் அந்த வட்டமான கம்பி வலை ஒரு முகம் மாதிரி இருந்தது. மாலையை மேலே கொக்கியில் மாட்டி, வலை மறையும்படி அழகாகத் தொங்கவிட்டார்.

"இப்பத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்றார் சுப்பையன்.

மறுநாள் விஜயதசமி. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அரைத்துத் தர வேண்டிய மூட்டைகள் சுவரோரம் நின்றன. பூசை மாலையை மத்தியானம்வரை எடுப்பதில்லை என்பது வழக்கம். தம்பிராஜா சூடம் காட்டி, இஞ்சினை முடுக்கி, முதலில் ஒரு கைப்பிடி மஞ்சள் அரைத்துக் கொடுத்தார். அடுத்து மிளகாய், அடுத்து மல்லி. பெண்கள் வரிசை சந்து வரை நின்றது. ஒருத்தி மூட்டையை இறக்கித் தரச் சொன்னாள், ஒருத்தி வெற்றிலை பாக்கு நீட்டினாள், இன்னொருத்தி போன தடவை அரைத்த மல்லி கொரகொரப்பு என்று சண்டைக்கு வந்தாள். அவர் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். பின்னால் போய்க் குழாய்க் காற்றில் கையை நீட்டிப் பார்க்கவில்லை. பூ வேகிற வாசனை வந்தது. சாம்பிராணியும் மிளகாயும் கலந்து நின்ற அந்தக் கொட்டகையில் அதைத் தனியாகப் பிரித்தறிய முடியவில்லை.

பத்தரை மணிக்குச் சத்தம் கனத்தது. அவர் திரும்புவதற்குள் இஞ்சின் முனகி, ஓர் அதிர்வோடு நின்றது. பெல்ட் கழன்று தரையில் அடித்தது. சக்கரத்தைக் கையால் திருப்பப் பார்த்தார், அசையவில்லை. உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

வரிசை கலைந்தது. "காத்து இஞ்சின் ராசியில்ல" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் தெருவுக்குள் போவதற்கு இஞ்சின் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு மூடியைக் கழற்றினார். ருக்மணி பக்கத்தில் நின்றாள். நேற்றுக் காலை அவர் ஒவ்வொன்றாகத் துடைத்த செதில்களுக்கு இடையில் செவ்வந்தி இதழ்கள். ஈரமாக உள்ளே போய், வெந்து, கறுத்து, பிசின் மாதிரி அப்பியிருந்தன. உறிஞ்சின வேகத்தில் மீதி மாலை ஈரத் துணிபோல் கம்பி வலையை முழுசாக மூடியிருந்தது.

தம்பிராஜா தரையில் உட்கார்ந்துவிட்டார். மிளகாய்த் தூசியை எதிரியாகவே பார்த்துப் பழகிய கண் அவருடையது. தூசிக்காகச் சுவர் வைத்தார். மாலை எதிரியாகத் தெரியவில்லை. அது சாமி காரியம். சாமி காரியத்தை அவர் கை தானாகச் செய்தது, கேள்வி கேட்காமல்.

"யாருக்கும் தெரியாது" என்றாள் ருக்மணி மெதுவாக.

"எனக்குத் தெரியுமே."

"அதைச் சொல்லலங்க. நாளைக்கு அந்த டைக்காரர் வராரு. ஆறு மாசத்துக்குள்ள இஞ்சின் தானாக் கெட்டா கம்பெனி வேற மாத்திக் குடுக்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம். பாய் அப்பவே தபால் ஆபீஸ் போனுல பேசிட்டாரு. ஓட்டுறவன் தப்புன்னா கிடையாதாம். நீங்க உண்மையைச் சொன்னா நட்டம் உங்களுக்கா? பாய்க்கு. நல்லா யோசிச்சுக்கங்க."

அது நியாயமான பேச்சு. அதுதான் அவரை வாட்டியது. வெறும் தன் பெயருக்காக என்றால் உடனே சொல்லிவிடலாம். இங்கே வாயை மூடினால் முதலாளிக்கு லாபம், சுப்பையனுக்குச் சந்தோஷம், பூசைக்கும் பழி இல்லை. கம்பெனி எடுத்துக்கொண்டு போய்த் தண்ணி இஞ்சினாகவே மாற்றித் தரும். எல்லாரும் 'அப்பவே சொன்னோம்' என்பார்கள். அவ்வளவோடு போகும்.

போகுமா? மாசி மாதம் கிணறு இறங்கும். தண்ணீர்ச் சட்டைக்குள் வெள்ளைப் பாறை வளரும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அப்போது அவர் என்ன சொன்னாலும், 'நீ காத்துன்னு சொன்னவன்தானே' என்பார்கள். செங் மில்காரர் இந்த இஞ்சினை வாங்காமல் போவார். அல்லது வாங்கி, அடுத்த வருஷம் அவரும் அந்த முகத்துக்கு ஒரு மாலை போடுவார்.

அவர் விரலால் சுரண்டி, வெந்த இதழ்களை ஒரு பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டினார்.

*

மறுநாள் காலை, காதர் மைதீன் தொழுதுவிட்டு வந்து மில் வாசலைத் திறக்கும் நேரத்துக்குத் தம்பிராஜா அங்கே நின்றார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்.

"என்ன இது?"

"மாலை, பாய். நான்தான் போட்டேன், காத்து இழுக்கிற வாயில. அதுதான் அடைச்சிருக்கு. இஞ்சின் மேல குத்தமில்ல."

காதர் மைதீன் இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பூசையைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில்.

"பூசை மேல தப்பில்ல பாய். வாயில துணியைக் கட்டினா யாருக்கும் மூச்சு முட்டும். அது பட்டுத் துணியா இருந்தாலும் முட்டும். நான் யோசிக்கல."

"இதை ஏன் எங்கிட்ட கொண்டாந்தே? குப்பையில போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"ராஜரத்தினத்துக்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். பணம் உங்களுது. ஆனா என்ன ஆச்சுன்னு தெரியாம நீங்க இன்னொரு இஞ்சின் எடுக்கக் கூடாது. அதான்."

பத்து மணிக்கு ராஜரத்தினம் வந்தார். செய்தி முந்திக்கொண்டு போயிருந்ததால் சுப்பையனும் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். ராஜரத்தினம் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன நடந்தது முதலாளி?"

தம்பிராஜா ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். காதர் மைதீன் அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை எடுத்து ராஜரத்தினத்தின் கையில் வைத்தார்.

"ஆயுத பூசை மாலை. எங்க ஆள் போட்டது."

ராஜரத்தினம் முகர்ந்து பார்த்தார். "இதை நீங்கள் காட்டாம விட்டிருந்தா நான் கேள்வி கேட்காம மாத்தித் தந்திருப்பன், தெரியுமே?"

"தெரியும்."

"இப்ப கம்பெனி தராது."

"அதுவும் தெரியும்."

சுப்பையனுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னண்ணே இது? சாமி மாலையாலயா இஞ்சின் நின்னுது? நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க? அப்ப இனிமே மாலையே போடக் கூடாதா?"

"போடலாம்டா. சுவத்துல படம் இருக்கு, அதுக்குப் போடலாம். பெல்ட் கப்பிக்குப் பொட்டு வைக்கலாம். உன் சைக்கிளுக்கு மாலை போட்டியே, பிரேக்குல சுத்தியா போட்டே?"

"ஹேண்டில்லதான் போட்டேன்."

"ஏன்?"

"பிரேக்குல போட்டா பிடிக்காதுல்ல..." சுப்பையன் பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி, சரி. எனக்கு மாவு எப்பக் கிடைக்கும்? அதைச் சொல்லுங்க."

ராஜரத்தினம் சொன்னார்: பிஸ்டனும் சிலிண்டரும் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், எட்டு ஒன்பது நாள் ஆகும். அதுவரை மில் நிற்கும். இல்லையென்றால் மலாக்கா கிடங்கிலேயே ஒரு தண்ணி இஞ்சின் தயாராக இருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டால் நாளை மறுநாள் ஓடத் தொடங்கிவிடும். தீபாவளி வேலை தப்பும்.

கொட்டகையில் எல்லாரும் காதர் மைதீனைப் பார்த்தார்கள். அவர் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு தம்பிராஜாவைப் பார்த்தார்.

"என்ன சொல்றே?"

"பாய், நேத்து இஞ்சினை நிறுத்துனவன் நான். வேற யாரையாவது கேளுங்க."

"கேட்டேன். நேத்து மத்தியானத்துலேருந்து வழியில பாத்தவன் எல்லாம் எனக்கு யோசனை சொல்லிட்டான். காத்து ராசியில்லன்னான், தண்ணிதான் நிக்கும்னான். ஒருத்தனும் மூடியைத் திறந்து பாக்கல. நீ திறந்து பாத்தே. அதனால கேக்கிறேன். தீபாவளியை மறந்துட்டுச் சொல்லு."

தம்பிராஜா இந்தத் தடவை மூன்று நாள் கேட்கவில்லை. ஆனால் எழுந்து கிணற்றடிக்குப் போனார், எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். தண்ணீர் நிறைய இருந்தது. ஐப்பசி நெருங்குகிறது, இருக்கத்தான் செய்யும். இன்று அந்தக் கிணற்றைப் பார்க்கிற எவனும் தண்ணி இஞ்சினைத்தான் சொல்வான். இன்றைக்கு அது சரியும்கூட.

"இந்தத் தீபாவளிக்குன்னா தண்ணி இஞ்சின் நல்லது பாய். ஓடிரும். பங்குனியில இதே மாதிரி நாம உக்காந்திருப்போம். இந்த இடத்துக்கு, இந்தக் கிணத்துக்கு, காத்துதான். ஒன்பது நாள் நட்டம்தான். அது என்னால வந்தது. ஆனா பதில் மாறல."

சுப்பையன் தன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். ருக்மணி சல்லடையைக் கீழே வைத்தாள்.

"சிங்கப்பூருக்குத் தந்தி அடிங்க" என்றார் காதர் மைதீன் ராஜரத்தினத்திடம்.

ராஜரத்தினம் டையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "தந்தி போகட்டும். சிலிண்டரைக் கழட்டி வைச்சால் சாமான் வந்த அண்டைக்கே திருப்பிப் பூட்டலாம். ஸ்பேனர் எங்க, தம்பிராஜா?"

*

சாமான் ஒன்பதாம் நாள் வந்தது. பத்தாம் நாள் மத்தியானம் இஞ்சின் ஓடியது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் மில் விடிகாலை தொடங்கி வெளிச்சம் இருக்கும்வரை நிற்காமல் அரைத்தது. தம்பிராஜா பாதி நேரம் சுவருக்குப் பின்னால்தான் இருந்தார். மூட்டை இறக்கக் கூப்பிட்டவர்களுக்கு ருக்மணி பதில் சொன்னாள்.

அடுத்த பங்குனியில் கிணறு இறங்கியது, தண்ணீர் உவர்த்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஓடுகிற இஞ்சினைப் பற்றி யார் பேசுவார்கள்? செங் மில்காரர் அதே இஞ்சினை வாங்கினார். பொருத்துகிற அன்று தம்பிராஜா போய், எதை எங்கே வைக்கக் கூடாது என்பதை, பூ உட்பட, ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு வந்தார்.

ஆனால் அந்தப் பத்து நாளில் தூள் மட்டும் அரைக்கிற பெண்டஹாரா ரோட்டு மில்லுக்குப் போன சில வீடுகள் திரும்பி வரவே இல்லை. பன்னிரண்டு வீடுகள். காதர் மைதீன் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தம்பிராஜாவிடம் கேட்டால், எந்த வீடு, வாரத்துக்கு எத்தனை படி மல்லி, கொரகொரப்பா நைசா என்று வரிசையாகச் சொல்வார்.